குடியும் குடியிருப்பும்: இடுக்கி மாவட்டத்தின் நிலம், மக்கள், வீடு, பொருளாதாரம்

முன்னுரை

'குடி' என்னும் சொல் தமிழில் குடும்பம், குலம், ஊர், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் ஆகிய பல பொருள்களை ஒருங்கே தருவது. குடியிருப்பு, குடியேற்றம், குடிபெயர்வு, குடிமை ஆகிய சொற்கள் யாவும் இவ்வேரிலிருந்தே கிளைத்தவை. இருக்கும் வீட்டிற்கும், வந்து சேரும் செயலுக்கும், விட்டு நீங்கும் செயலுக்கும், அரசிடம் கோரும் உரிமைக்கும் ஒரே அடிச்சொல் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. கேரளத்தின் இடுக்கி மாவட்ட வரலாற்றை இந்நான்கு சொற்களின் வரலாறாகவே எழுதிவிடலாம்.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 11,29,221. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 11,08,974 எனக் குறைந்தது. பத்தாண்டுகளில் 20,247 பேர், அதாவது ஏறத்தாழ 1.8 விழுக்காட்டினர் குறைந்தனர். அப்பத்தாண்டில் கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களுள் மக்கள்தொகை குறைந்தவை பத்தனம்திட்டையும் இடுக்கியும் மட்டுமே. ஒரு நூற்றாண்டுக் காலம் மக்கள் வந்து குவிந்த மலைநாடு, முதன்முறையாக மக்களை இழக்கத் தொடங்கியது ஏன்? இழந்தவர் எவர்? இவ்வினாக்களுக்கு மக்கள்தொகை எண் ஒன்றை மட்டும் கொண்டு விடை காண இயலாது. அம்மக்கள் எத்தகைய வீட்டில், எத்தகைய நில உரிமையுடன் வாழ்ந்தனர் என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நில அமைப்பு

தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு ஆகிய மூன்று வட்டங்களைக் கோட்டயம் மாவட்டத்திலிருந்தும், தொடுபுழை வட்டத்தை எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்தும் பிரித்து 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் அமைக்கப்பட்டது. பின்னர் 2013இல் இடுக்கி என்னும் ஐந்தாவது வட்டம் உருவானது. 2011 கணக்கெடுப்பின்போது மாவட்டத்தின் பரப்பு 4,358 சதுர கிலோமீட்டர். மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 255 பேர். கேரளத்தின் சராசரி நெருக்கம் இதைப்போல் மும்மடங்கிற்கும் மேற்பட்டது. மாநில மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நகரவாசிகளாகக் கணக்கிடப்பட்ட அவ்வாண்டில், இடுக்கியின் நகர மக்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. எனவே இதனைப் பெரிதும் ஊரக மாவட்டம் எனக் கூறுவதில் தவறில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இம்மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது. மேற்கே தொடுபுழை தாழ்ந்த இடைநிலம். அதிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் செங்குத்தாக உயர்ந்து, தமிழ்நாட்டு எல்லையில் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிச் சட்டெனச் சரிகிறது. மேற்குச் சரிவில் மழை மிகுதி. கிழக்கே மறையூர், காந்தளூர்ப் பகுதி மழைமறைவுப் பிரதேசம். பெரியாறு மேற்கு நோக்கிப் பாய, மறையூர் வழியே செல்லும் பாம்பாறு கிழக்கு நோக்கிச் சென்று அமராவதி வழியாகக் காவிரியுடன் கலக்கிறது. ஒரே மாவட்டத்தின் நீர் இருவேறு கடல்களை அடைவது போலவே, அதன் மக்களும் பொருளும் இருதிசை நோக்கிச் சென்றதை வரலாறு காட்டுகிறது.

இடப்பெயர்களும் இந்நில அமைப்பைப் பதிவு செய்துள்ளன. உடும்பன்சோலையில் சோலையும், பீருமேடு, வண்டன்மேடு, கம்பமேடு ஆகியவற்றில் மேடும், நெடுங்கண்டத்தில் கண்டமும் ஈறாக நிற்கின்றன. பெரியவாரை, நல்லதண்ணி, குண்டுமலை, சொக்கநாடு முதலான தேயிலைத் தோட்டப் பெயர்களை ஆங்கிலேயர் தம் எழுத்துக்கூட்டில் சிதைத்து எழுதியபோதும், அவை தமிழ்ப் பெயர்களாகவே இன்றும் வழங்குகின்றன.

தொல்குடிகளும் அஞ்சுநாடும்

மாவட்டத்தின் தொல்குடிகளுள் முதுவர், மன்னான், ஊராளி, மலையரையர் முதலானோர் குறிப்பிடத்தக்கவர். 2011இல் பழங்குடியினர் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். முதுவரும் மன்னான்களும் மதுரையிலிருந்து வந்ததாகத் தம் வழக்காறுகளில் கூறிக்கொள்கின்றனர். முதுவர் தம் ஊரைக் குடி என்றே வழங்குவர். அங்கே வீடு தனித்த உடைமை என்பதைவிடக் குடியின் உறுப்பு என்பதே பொருந்தும். மணமாகாத இளைஞர் தங்குவதற்கெனப் பொதுச் சாவடி அமைக்கும் வழக்கம் இதற்குச் சான்று. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் உருவான இடமலைக்குடி, இப்பழஞ்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

மழைமறைவுப் பகுதியில் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்கள் அஞ்சுநாடு எனப்படும். தமிழ் பேசும் வேளாண் மக்கள் வாழும் இவ்வூர்களில் வீடுகள் தெருவாக நெருங்கி அமைந்திருக்க, விளைநிலங்கள் ஊருக்கு வெளியே படிப்படியாகச் சரிவில் அமைந்துள்ளன. மறையூரின் கற்திட்டைகள் இங்குள்ள மனிதக் குடியிருப்பின் தொன்மையைக் காட்டுவன. கரும்பும் வெல்லமும், பூண்டும், மலைக்காய்கறிகளும் இப்பகுதியின் விளைபொருள்கள். மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

தோட்டமும் லயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலையின் பொருளாதாரம் முற்றிலும் மாறியது. பீருமேட்டில் 1860களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். 1879இல் வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண் சங்கம் அமைந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பட்டது. சின்கோனா, காப்பி ஆகியவற்றை அடுத்து வந்த தேயிலையே இம்மலைக்கு நிலைத்த பயிராயிற்று.

இத்தோட்டங்களின் முதல் வாயில் கிழக்குத் திசையில் அமைந்தது என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் மூலமும், அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கும், பின்னர்ப் போடிநாயக்கனூருக்கும் தேயிலை இறங்கியது. அதே வழியில் அரிசியும் ஆட்களும் ஏறினர். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி முதலான மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்களை முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. 1931இல் ஆலுவை – மூணாறு சாலை திறக்கப்பட்டபின், மலையின் வாயில் மெல்ல மேற்கு நோக்கித் திரும்பியது. பொருள் செல்லும் திசை மாறியது. தொழிலாளர் மொழியும் உறவும் கிழக்கையே நோக்கி நின்றன.

தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த இடம் லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பிரிக்கப்பட்ட சிற்றறைகள், முன்பக்கம் குறுகிய திண்ணை, பின்பக்கம் அடுப்படி, மேலே தகரக்கூரை என்பது அதன் பொது அமைப்பு. மேட்டில் துரையின் பங்களா, இடையில் அலுவலர் வீடுகள், தாழ்வில் அல்லது ஓடையோரத்தில் லயம் என மலையின் உயரமே பதவியின் அளவுகோலாயிற்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வாழும் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் வீடு அளித்துப் பேணுவதை முதலாளியின் கடமையாக்கியது. இச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது.

இச்சட்டத்தின் நன்மையை மறுக்க இயலாது. ஆயினும் அதனுள் ஒரு முரண் உறைந்திருந்தது. சட்டம் அளித்தது தொழிலாளிக்குரிய வீடேயன்றிக் குடிமகனுக்குரிய வீடன்று. வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்கவேண்டும். அதனைத் தவிர்க்கக் குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் பதிவு செய்திருக்கவேண்டும். தாய்க்குப்பின் மகள் கொழுந்தெடுக்க வருவதற்குக் கூலி ஒரு காரணமெனில், கூரை மற்றொரு காரணம். நான்கு தலைமுறைகள் ஒரே லயத்தில் வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலமும் உரிமையாகாத நிலை இவ்வாறே தொடர்ந்தது.

ஏலமலையும் குடியேற்றமும்

உடும்பன்சோலை வட்டத்தின் ஏலமலை வேறொரு பொருளாதாரத்தைக் கொண்டது. ஏலத்திற்கு மரநிழல் தேவையாதலின், காட்டை முற்றாக அழிக்காமல் அதனடியிலேயே பயிர் வளர்ந்தது. கம்பம், போடிப் பகுதிகளின் தமிழ் வணிகரும் நிலக்கிழாரும் இங்குத் தொடக்கந்தொட்டே தோட்டம் வைத்திருந்தனர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமேடு, குமுளி வழியாக ஜீப்புகளில் நாள்தோறும் தொழிலாளர் ஏறிவந்து மாலையில் இறங்கிச் செல்வது இன்றும் தொடர்கிறது. இவர்கள் உழைப்பு இடுக்கியின் கணக்கிலும், வீடு தேனியின் கணக்கிலும் சேர்கின்றன. மக்கள்தொகைப் பட்டியல் காட்டாத உழைப்பாளர் கூட்டம் இது.

மூன்றாவது பொருளாதாரம் குடியேற்ற உழவர்களுடையது. இரண்டாம் உலகப்போர்க்கால உணவுப் பஞ்சத்தின்போது, உணவுப் பயிர் பெருக்கும் நோக்கில் திருவிதாங்கூர் அரசு மலைக்காடுகளைப் பயிரிடத் திறந்துவிட்டது. மீனச்சில், மூவாற்றுப்புழை, தொடுபுழைப் பகுதிகளின் சிறு உழவர் மலையேறினர். யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டி வாழ்ந்த அத்தலைமுறை மலைக்காய்ச்சலோடும் காட்டுவிலங்குகளோடும் போராடியது. பின்னர் மண்சுவர் வீடும், அதன்பின் ஓட்டுவீடும், இறுதியாகக் கான்கிரீட் வீடும் எழுந்தன. மிளகு, காப்பி, ஏலம், கொக்கோ, மரவள்ளி, பலா ஆகியவை சூழ்ந்த தன் நிலத்தின் நடுவில் தனித்து நிற்பது இவ்வீட்டின் இயல்பு.

1954–55இல் பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவை மலைநாட்டுக் குடியேற்றத்தை அரசுத் திட்டமாகவே மேற்கொண்டது. நெடுங்கண்டத்தை அடுத்த பட்டம் காலனி அதன் நினைவாக நிலவுகிறது. திருவிதாங்கூர்த் தமிழ்ப்பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரும் போராட்டம் உச்சம் அடைந்த காலமும் அதுவே. தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினராக இருந்தும், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துடனேயே இருக்கவேண்டும் என மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் பரிந்துரைத்தது. மலைத்தமிழர் வேலைக்காக வந்து செல்லும் நிலையற்ற மக்கள் என்னும் வாதம் அக்காலத்தில் வலுவாக முன்வைக்கப்பட்டது. மலையின் நீர்வளமும் தோட்ட வருவாயும் முடிவில் பங்கு வகித்தன என்பதும் உண்மை. எனினும், சொந்தவீடு இன்மையே நிலையின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது இங்குச் சிந்திக்கத்தக்கது. வீடு கட்டும் உரிமை இல்லாதவனை நோக்கி, உனக்கு இங்கு வீடு இல்லை ஆதலின் நீ இவ்வூரான் அல்லன் என்று கூறுவது போன்றது அவ்வாதம்.

குடியேற்ற உழவரின் உரிமையும் எளிதில் கிட்டியதன்று. இடுக்கி நீர்மின் திட்டத்தை ஒட்டி 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து உழவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, குமுளியை அடுத்த அமராவதியில் ஏ. கே. கோபாலன் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 1977 ஜனவரி 1க்கு முற்பட்ட வனநிலக் குடியேற்றங்களை முறைப்படுத்த 1993இல் தனிவிதிகள் வந்தன. பட்டயம் என்னும் சொல்லே இம்மாவட்ட அரசியலின் மையச்சொல்லாக நீடிக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குடியேற்ற உழவர் கேட்டது தாம் வாழும் நிலத்திற்குச் சான்று. லயத்துத் தொழிலாளிக்கோ, சான்று கேட்பதற்குரிய நிலமே இல்லை.

அணையும் மின்சாரமும்

மலைநீர் மின்னாகவும் பாசனமாகவும் மாறியமை மாவட்டப் பொருளாதாரத்தின் மற்றொரு கூறு. 1886ஆம் ஆண்டுக் குத்தகையின்படி 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை, மேற்கே பாயும் நீரைக் கிழக்கே வைகைப் பாசனத்திற்குத் திருப்பியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் இயங்கத் தொடங்கியது. குறவன், குறத்தி என வழங்கும் இரு பாறைகளுக்கு இடையே எழுந்த இடுக்கி வளைவணை 550 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அதன் நீரில் இயங்கும் மூலமற்றம் மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். இம்மின்நிலையம் 1976இல் தொடங்கிவைக்கப்பட்டது. மலை அளித்த மின்சாரம் சமவெளி நகரங்களின் தொழில்களை வளர்த்தது. மலையிலோ, ஆலைத்தொழில் பெரிதாக வளரவில்லை. தோட்டத்தை விட்டால் வேலையில்லை என்னும் நிலையே நீடித்தது.

சரிவின் காலம்

1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. அதே காலத்தில் மிளகு, காப்பி விலைகளும் வீழ்ந்தன. மிளகுக்கொடி வாடல்நோயால் அழிந்தது. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட மக்கள்தொகைச் சரிவின் பின்னணி இதுவே. பிறப்பு விகிதம் குறைந்ததும் உடன்சேர்ந்த காரணமாகும்.

ஆனால் வெளியேறியோர் சென்ற வழிகள் வேறுவேறு. நிலமுள்ள குடியேற்றக் குடும்பம் நிலத்தை அடகு வைத்தோ விற்றோ பிள்ளைகளைச் செவிலியர் படிப்பிற்கும் வெளிநாட்டிற்கும் அனுப்பியது. லயத்துக் குடும்பத்திற்கு விற்பதற்கு ஏதுமில்லை. அதன் இளைஞர் கோவை, திருப்பூர் முதலிய ஊர்களுக்குக் கூலிவேலை தேடிச் சென்றனர். மூடப்பட்ட தோட்டங்களின் முதியோர் பழுதுபார்க்க ஆளில்லாத லயங்களில் தங்கினர். நிலுவைத்தொகை கைக்கு வரும்வரை வீட்டை விட்டு நீங்க அவர்கள் அஞ்சினர். ஒரே எண்ணுக்குள் இருவகைக் குடிபெயர்வு அடங்கியிருப்பதை உணரவேண்டும். இடைவெளியை நிரப்ப அசாம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து புதிய தொழிலாளர் வரத் தொடங்கினர். பழைய லயத்தின் அறைகளிலேயே அவர்கள் குடியமர்ந்தது, கங்காணிக் கால வரலாறு புதிய மொழியில் மீண்டும் தொடங்குவதைக் காட்டுகிறது.

தேயிலைத் தொழிலின் உரிமை முறையும் மாறியது. மூணாற்றுத் தோட்டங்களைத் தொழிலாளரும் பங்குதாரராக உள்ள புதிய கம்பெனி 2005இல் ஏற்றது. 2015 செப்டம்பரில் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து மூணாற்றுத் தமிழ்ப்பெண் தொழிலாளர் தொழிற்சங்கங்களைப் புறந்தள்ளித் தாமே 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரில் திரண்டு போராடி, 20 விழுக்காட்டுத் தொகையைப் பெற்றனர். அதனை அடுத்து நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. பங்குப் பத்திரம் வைத்திருந்தும் வாழ்க்கை மாறவில்லை என்பதையே அப்போராட்டம் நாட்டிற்கு அறிவித்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்விடம் மழை மிகுந்த சரிவின் அடிவாரம். அங்கு வாழ்வதை அம்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டம் கட்டிய இடத்தில் வாழ்ந்தனர். நில அமைப்பும் வீடும் பொருளாதாரமும் மக்கள்தொகையும் தனித்தனி இயல்கள் அல்ல, ஒன்றே என்பதை அவ்விரவு கொடுமையாக உணர்த்திற்று. உயிர் பிழைத்த குடும்பங்களுக்குப் பின்னர்க் குற்றியார் வேலியில் நிலமும் வீடும் வழங்கப்பட்டன. ஒரு துளி நிலம் உரிமையாவதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது என்பது வரலாற்றின் துயரம்.

கணக்கெடுப்பும் குடிமையும்

இந்திய வீட்டுக்கணக்கெடுப்பு, வீட்டின் உரிமை நிலையைச் சொந்தம், வாடகை, பிற என மூவகைப்படுத்துகிறது. கூரை, சுவர், தரை, குடிநீர், கழிவறை ஆகியவற்றையும் பதிவு செய்கிறது. லயத்து அறை 'வீடு' எனக் கணக்கில் ஏறுவதால், அங்கு வாழ்வோர் வீடற்றோர் ஆவதில்லை. வேலை நீங்கினால் வீடும் நீங்கும் என்னும் நிலையைக் குறிக்க அப்படிவத்தில் இடமில்லை. தெருவில் உறங்குபவனும் அல்லன், வீடுடையவனும் அல்லன் என்னும் இவ்விடைநிலை, புள்ளியியலின் கண்ணுக்குப் புலப்படாமலே போகிறது.

இவ்விடைநிலை குடிமை உரிமையையும் பாதிக்கிறது. பட்டியல் சாதிச் சான்று பெற, 1950ஆம் ஆண்டு ஆணைக்கு முன்பே முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்தனர் எனக் காட்டவேண்டியுள்ளது. நிலமுடையோர்க்கு வரிச்சீட்டு உண்டு. லயத்தில் வாழ்ந்தோர்க்குத் தோட்டத்துப் பேரேடே சான்று. தேவிகுளம் தனித்தொகுதியின் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் பற்றிய வழக்கில், வேட்பாளரின் முன்னோர் 1950க்கு முன் தோட்டத்தில் குடியிருந்தனரா என்பதும் ஆராயப்பட்டது. 2023இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்ற அத்தேர்தலை 2025இல் உச்சநீதிமன்றம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. முன்னோர் வாழ்ந்த லயம், பேரனின் அரசியல் உரிமையை முடிவு செய்யும் சான்றுப்பொருளாயிற்று.

முடிவுரை

இடுக்கி மாவட்டத்தில் நிலத்தின் உயரமும் மழையும் பயிரை முடிவு செய்தன. பயிர் நிலவுடைமையை முடிவு செய்தது. நிலவுடைமை வீட்டின் வடிவை முடிவு செய்தது. முதுவரின் குடி, அஞ்சுநாட்டின் தெரு, குடியேற்ற உழவரின் தனிவீடு, தோட்டத்தின் லயம் என்னும் நான்கு வடிவங்களும் நிலத்தோடு மனிதர் கொண்ட நான்கு வகை உறவுகள். இவற்றுள் முதல் மூன்றிலும் வீடு நிலத்தைப் பற்றி நிற்கிறது. நான்காவதில் மட்டும் வேலையைப் பற்றி நிற்கிறது. தேயிலை விலை சரிந்தபோது மற்றவர் வருவாயை இழந்தனர். இவர்கள் வருவாயோடு கூரையையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர்.

2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. அடுத்து வரும் எண்கள் இம்மாவட்ட மக்கள்தொகை மேலும் குறைந்ததாகவோ நிலைபெற்றதாகவோ காட்டலாம். எவ்வாறாயினும், லயத்து வீட்டைத் தனிவகையாகப் பதிவு செய்தாலன்றி, அவ்வெண் யாருடைய கதையைக் கூறுகிறது என்பது விளங்காது. தோட்டத்தில் ஒரு குறிப்பிட்ட காலம் உழைத்த குடும்பத்திற்குச் சரிவற்ற, பாதுகாப்பான இடத்தில் வீட்டுமனை உரிமை வழங்குவது கருணைச் செயலன்று. ஒன்றரை நூற்றாண்டு உழைப்பிற்குரிய குடிமை உரிமை ஆகும்.